ஏலச்சீட்டும் அறுபத்தொரு நீலப் பைகளும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் ஆண்டு மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, ஸ்ரீராம்புரத்தில் என் வீட்டில் எங்கள் குடும்பச் சீட்டு தொடங்கியது. பத்து மணி என்று அறிவித்திருந்தேன். பத்து மணிக்கு வந்திருந்தவர் என் அண்ணன் இராஜமாணிக்கம் ஒருவரே. அவரும் முந்தின நாளே வந்து தங்கிவிட்டவர். பிந்தி வந்த பதினேழு குடும்பத்தாரிடமும் இரண்டிரண்டு ரூபாய் அபராதம் வசூலித்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன்.

மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்துமூன்று ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். அந்த முப்பத்துமூன்று ஆண்டுகளில் எழுதிய ஒரு பெயரையோ தேதியையோ நான் அடித்துத் திருத்தியதில்லை. லட்சுமம்மா எழுதினால் ஆளே மாறினாலும் எழுத்து மாறாது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

சீட்டின் நோக்கம் எங்கள் அக்கா வேதநாயகி. திருமணமாகி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் பம்பாய்க்குப் போனவள், அதன்பின் எங்கள் அனைவரையும் ஒன்றாகக் கண்டதே இல்லை. இருவர் இருவராக நாங்கள் போவோம். வந்த இருவரையும் பார்க்காமல், வராதவர்களைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பாள். இப்போது அவள் கண்ணில் அழுத்த நோய். இரண்டு ஆண்டுகளுக்குள் பார்வை முழுவதும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முழங்கால்களும் மடங்கா, இருபத்துநான்கு மணி நேர இரயில் பயணம் அவளுக்கு ஆகாது. மருமகள் ராதாவைக் கொண்டு எனக்கு எழுதச் சொல்லியிருந்தாள்: "கண்ணு இருக்கறப்பவே உங்க எல்லாரையும் ஒரே எடத்துல நிக்க வெச்சு ஒருவாட்டி எண்ணிப் பாக்கணும், லட்சுமி."

நான் பதில் எழுதினேன். "வருகிற தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுப் பொங்கலன்று நாங்கள் அனைவரும் உன் முன் வரிசையாக நிற்போம். ஒருவரும் குறையமாட்டார்." அன்றைய கணக்கில் நாங்கள் ஐம்பத்தெட்டுப் பேர்.

இரயில் கட்டணம், சாப்பாடு, பம்பாயில் ஒரு மண்டபத்தில் நான்கு நாள் தங்கல், எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டேன். இருபது குடும்பங்கள், மாதம் இருநூற்றைம்பது ரூபாய், இருபது மாதங்கள். பெருக்கினால் ஒரு லட்சம். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தப் பொருத்தத்தின் அழகில்தான் நான் ஏமாந்தேன் என்று இப்போது தெரிகிறது.

எங்கள் பகுதியில் பணம் சேர்ப்பது என்றால் சீட்டு போடுவது. கல்யாணமோ, கூரையோ, கம்மலோ, எதுவாயினும் ஏலச்சீட்டில்தான் முளைக்கும். மாதந்தோறும் எல்லோரும் பணம் கட்டுவார்கள். சேர்ந்த ஐயாயிரத்தை யார் மிகக் குறைந்த தொகைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறாரோ, அந்த மாதச் சீட்டு அவருக்கு. அவர் விட்டுக்கொடுத்த தொகை எல்லோருக்கும் பங்காகும். ஒருமுறை எடுத்தவர் மறுபடி எடுக்கலாகாது. கடைசிவரை எடுக்காமலிருப்பவருக்குக் கடைசி மாதம் முழுத்தொகையும் கிடைக்கும். இருபதாவது உறுப்பினராக அக்காவே சேர்ந்தாள். "என்னப் பாக்க வர்றவங்களுக்கு என் பங்கு இல்லாம எப்படி?" என்று மாதந்தோறும் மணியார்டர் அனுப்பினாள்.

குடும்பத்தாரின் குணம் அறிந்தவளாகையால் நான் ஒரு விதியைச் சேர்த்தேன். சீட்டு எடுப்பவர் எதற்காக எடுக்கிறார் என்பதைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்தக் காரணம் பம்பாய்ப் பயணத்தைப் பற்றியதாகவே இருக்க வேண்டும்.

முறைப்படி முதல் சீட்டு நடத்துபவருக்கு. அதில் நான் சிக்பேட்டையில் மொத்த விலைக்கு ரெக்ஸின் கைப்பைகள் வாங்கினேன், கருநீல நிறத்தில், ஐம்பத்தெட்டு. ஒவ்வொன்றிலும் வயது வரிசைப்படி வெள்ளை எண் எழுதச் செய்தேன். அக்காவுக்கு முகங்கள் மங்கினாலும் நீலம் தெரிகிறது என்று ராதா எழுதியிருந்தாள். ஆளைப் பார்க்க முடியாவிட்டாலும் பையை எண்ணலாமல்லவா?

இரண்டாம் மாதம் என் தம்பி எத்திராஜ் ஏலம் கேட்டான். அவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நாற்பத்தைந்து நிமிடம் தாமதமாக வந்து, உட்காருமுன்பே கேட்டான்.

"நாலாயிரத்து நூறு. எனக்கு வோணும்க்கா."

"காரணம்?"

"தண்ணி டேங்கி. ஐநூறு லிட்டர். ப்ளாஸ்டிக்கு."

"பம்பாய்ப் பயணத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் என்ன தொடர்பு?"

"இன்னாக்கா இப்படிக் கேக்கற? அம்பத்தெட்டு பேரு, ஒரு நாள் பூரா ரயிலு. ஆளுக்கு எட்டு லிட்டர் வெச்சாக்கூட எவ்ளோ ஆச்சு? கொயந்தைங்க தண்ணி தண்ணின்னு அழுதா நீயா குடுப்ப?"

"தொட்டியை இரயிலில் எங்கே வைப்பாய்?"

"அது டி.டி.ஆர் கிட்ட பேசிக்கலாம்க்கா."

என் அண்ணன் சிரித்தார். குறுக்கிட்டதற்காக ஒரு ரூபாய் கட்டினார். ஆனால் காரணம் பயணத்தைப் பற்றியதாகவே இருந்தது. என் விதியை நானே மீற இயலாது. எத்திராஜ் கையெழுத்திட்டான். அவன் விட்டுக்கொடுத்த தொள்ளாயிரத்தில் குடும்பத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய் பங்கு கிடைத்தது. பயணம் இப்போதே இலாபம் தருகிறது என்று மகிழ்ந்து அனைவரும் வீடு திரும்பினர். மறுவாரம் அந்தத் தொட்டி எத்திராஜின் மாடியில் ஏறிக் குழாய்களோடு இணைந்தது. "ஓட்டை இருக்கான்னு டெஸ்ட் பண்றேங்க்கா" என்றான். அந்தச் சோதனை இன்றுவரை நடக்கிறது.

அதன்பின் காரணங்கள் பெருகின. அண்ணன் மகன் உத்தமன் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவன். அவன் மனைவி பிரிஜெட் சாய்க்கும் கிரைண்டர் கேட்டாள். வழிக்கு வேண்டிய இட்லிக்கு மாவு அரைக்கவாம். ஏழு மாதம் கழித்து உத்தமனே, தன் தம்பி பெயரிலிருந்த சீட்டைக் கேட்டு, வண்ணத் தொலைக்காட்சி வாங்கினான்.

"பம்பாய் போய்ட்டு வந்து வீடியோ போட்டுப் பாக்கத்தான் அத்தே. பிளாக் அண்ட் வொயிட்ல பாத்தா உங்க நீலப் பை நீலமாவே தெரியாதே!"

"வீடியோ எடுக்கும் கருவி?"

"அது அடுத்த சீட்டுல."

அத்திபெலேயில் கடை வைத்திருக்கும் என் தங்கை மகன் ரவி தன் கல்யாணத்துக்கே சீட்டு எடுத்தான். பயணத்துக்குப் பின் கல்யாணம் செய்தால் பெரியம்மாவால் மணப்பெண்ணைப் பார்க்க இயலாது, ஆகவே பயணத்துக்காகவே கல்யாணம் என்று எழுதினான். வாக்கியத்தில் குற்றம் இல்லை. அந்த மணப்பெண் பிரபாவாலும், வேறு இரு வீடுகளில் பிறந்த குழந்தைகளாலும் நாங்கள் அறுபத்தொருவர் ஆனோம். நான் சிக்பேட்டைக்கு மறுபடி சென்று என் சொந்தப் பணத்தில் மூன்று பைகள் வாங்கினேன். இருபது நாள் குழந்தைக்கும் ஒரு பை.

இராஜமாணிக்கம் அண்ணன் பல் கட்டிக்கொண்டார். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து மூத்த சகோதரியின் முன் பொக்கை வாயோடு நிற்பது குடும்பத்துக்கே இழுக்கு என்று எழுதினார். பற்கள் அவருக்குச் சற்றுப் பெரியவை. பேசும்போது அவரை முந்திக்கொண்டு அவை வெளியே வரும். ஏலத்தில் தொகை சொல்லும்போது கையால் வாயைப் பிடித்துக்கொள்வார்.

ஒரு மாதம்கூடச் சீட்டு நிற்கவில்லை. ஒருவரும் தவணை தவறவில்லை. பதிவேட்டில் ஓர் அடித்தல் இல்லை. இவ்வளவு ஒழுங்காக நடந்த சீட்டை ஸ்ரீராம்புரம் கண்டிருக்காது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள்.

பத்தொன்பதாவது மாதக் கூட்டம் தொண்ணூற்றெட்டு நவம்பரில் நடந்தது. இரயிலில் இடம் பதிய எத்திராஜும் உத்தமனும் மறுநாள் நிலையத்துக்குப் போவதாக முடிவாயிற்று. எத்திராஜின் மகள் சங்கமித்ரா வணிகவியல் படித்துக்கொண்டிருந்தாள். அவள் என் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அத்தே, நாளைக்கு டிக்கெட்டுக்கு எவ்ளோ எடுத்துக்கினு போறாங்க?"

"முப்பத்துநாலாயிரம் சொச்சம்."

"எங்கேர்ந்து?"

"சீட்டிலிருந்து."

"சீட்டுல ஏது அத்தே? மாசா மாசம் வர்றத மாசா மாசம் ஒருத்தரு எடுத்துக்கினு போய்ட்டாங்களே."

அறையில் யாரோ தும்மினார்கள். அதற்கு நான் அபராதம் விதிக்கவில்லை.

"ஒரு வூட்டுக்குன்னா சீட்டு சரி அத்தே," என்றாள் அவள், மெதுவாக. "அவங்கவங்களுக்கு எப்ப வோணுமோ அப்ப எடுப்பாங்க. நமக்கு எல்லாருக்கும் ஒரே நாள்ல வோணும். ஆனா எல்லாரும் முன்னாடியே எடுத்துட்டோம். இப்ப யார் கையிலயும் இல்ல."

"சும்னிரு பாப்பா," என்றான் எத்திராஜ். "ஒரு லட்சம் கட்டினோமில்ல? கட்டினது எங்க போவும்?"

"உன் மாடில இருக்குப்பா. உத்தமன் அண்ணன் வூட்ல ஓடுது. பெரியப்பா வாயில இருக்கு."

இராஜமாணிக்கம் அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

நான் பதிவேட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கூட்டினேன். மூன்று முறை கூட்டினேன். வரவு தொண்ணூற்றையாயிரம். செலவு தொண்ணூற்றையாயிரம். பிழையே இல்லை. பிழை இருந்திருந்தால் அதைத் திருத்தியாவது பணத்தைக் கண்டுபிடித்திருக்கலாம்.

அவரவர் எடுத்ததைத் திருப்பித் தரலாம் என்று பிரிஜெட் சொன்னாள். கிரைண்டரை யார் வாங்குவார்கள், பல்லை யார் வாங்குவார்கள் என்று கேள்வி எழுந்தது. ரவி தன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் தரையைப் பார்த்தான்.

"இருங்க, இருங்க," என்றான் உத்தமன். "கடசி சீட்டு ஒண்ணு பாக்கி இருக்குல்ல? ஐயாயிரம்? போவ வர ஆளுக்கு ஐநூத்தி அறுவது. எட்டு பேரு போவலாம்."

"எந்த எட்டு பேரு?" என்று கேட்டாள் பிரிஜெட்.

"ஏலம் வுட்டுடலாம்!" என்றான் எத்திராஜ்.

அன்று நடந்த சச்சரவை நான் எழுதப்போவதில்லை. அதில் வசூலான அபராதம் மட்டும் அறுபத்துநான்கு ரூபாய். இறுதியில் நான் மேசையைத் தட்டினேன்.

"கடைசிச் சீட்டு அக்காவுடையது. அவள் ஒரு மாதமும் ஏலம் கேட்கவில்லை. பணம் அவளுக்குத்தான் போகும்."

"அவளப் பாக்கத்தானக்கா போறோம்!"

"அவள் பணத்தில் அவளைப் பார்க்கப் போவதற்குப் பெயர் என்னவென்று நீயே சொல்."

எத்திராஜ் எழுந்து செருப்பைத் தேடினான்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஐயாயிரத்துக்கு வங்கி வரைவோலை எடுத்து, அதனுடன் மூன்று பக்கக் கடிதமும் வைத்து அனுப்பினேன். நடந்ததனைத்தையும் தேதி வாரியாக எழுதினேன். முதல் சீட்டை எடுத்தவள் நானே என்பதையும் எழுதினேன். கடைசி வரியில், "பொங்கலன்று உன் முன் நிற்க எங்களால் இயலாது, நான் எழுதிக்கொடுத்ததை நானே அடிக்கிறேன்" என்று எழுதினேன். அந்த வரிக்கு மட்டும் அரைநாள் ஆயிற்று. அக்காவின் வலது கண் தீபாவளிக்கு முன்பே போய்விட்டிருந்தது. இடக்கண்ணுக்கு மருத்துவர் கொடுத்த கெடு கோடைவரைதான்.

பன்னிரண்டு நாள் கழித்து, தெருமுனைத் தொலைபேசிக் கடைக்காரர் ஆள் அனுப்பி அழைத்தார். பம்பாயிலிருந்து அக்கா.

"லட்சுமி, ட்ராஃப்ட் வந்துச்சு. லெட்டரயும் ராதா படிச்சா. மூணு பக்கம் எழுதி இருக்கியே, துட்டு இல்ல வரலன்னு ஒரு வரி பத்தாதா?"

"அக்கா, நான்..."

"சும்மா கேளு, நிமிஷத்துக்குத் துட்டு ஏறுது. நீங்க அறுவது பேரு இங்க வர்றதுக்குத்தான் லட்சம். நான் ஒருத்தி அங்க வர்றதுக்கு நாலாயிரத்து நானூறு. ப்ளேன்ல. ஒன்ற மணி நேரம் குந்தினா போதுமாம். சக்கர நாக்காலி அவங்களே தர்றாங்களாம், முட்டிய மடக்கவே வோணாம். டிக்கெட்டு எடுத்தாச்சு. பொங்கலன்னைக்கி காலைல."

"இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீதான் இருவது மாசத்துக்குப் பிளான் எழுதி அனுப்பிட்டியே. நீ எழுதினதுல யாரு கை வெக்கறது? சரி, எல்லாரும் பைய எடுத்துக்கினு வாங்க. இந்தக் கண்ணுல இப்ப நீலம் மட்டுந்தான் நல்லாத் தெரியுது."

அபராத டப்பாவைத் திறந்தேன். ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு ரூபாய் இருந்தது. அதில் எத்திராஜின் பங்கு மட்டும் நூற்றுப் பதினேழு. விமான நிலையத்துக்குப் போய்வர இரண்டு டெம்போக்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இருபது மாதச் சேமிப்பில் உண்மையாகச் சேர்ந்த பணம் அதுதான்.

பொங்கலன்று காலை எட்டரை மணிக்கு, விமான நிலையத்தின் வருகை வாயிலுக்கு வெளியே, அறுபத்தொருவரையும் பை எண் வரிசையில் நிறுத்தினேன். பை வலக்கையில், எண் வெளிப்புறம். ஒன்றாம் எண் இராஜமாணிக்கம் அண்ணன், இரண்டாம் எண் நான். வரிசையின் கடைசியில், தாயின் தோளில் உறங்கிய குழந்தையின் இடுப்பில் அறுபத்தொன்றாம் பையைக் கட்டியிருந்தோம்.

ஒரு காவலர் இரண்டு முறை எங்களைக் கடந்து போனார். மூன்றாம் முறை நின்றார். எத்திராஜைப் பார்த்துக் கன்னடத்தில், இத்தனை பேரும் எங்கே புறப்பட்டீர்கள் என்று கேட்டார்.

"எல்லிகூ இல்லா சார்," என்றான் எத்திராஜ். எங்கேயும் இல்லை.

"டிக்கெட்?"

"இல்லா சார்."

"பேக் எல்லா ஏனு?" இந்தப் பைகளெல்லாம் என்ன என்று கேட்டார்.

"ஒளகே ஏனூ இல்லா சார்." உள்ளே ஒன்றுமில்லை.

டிக்கெட்டு இல்லாத அறுபத்தொருவர், எண்ணிட்ட அறுபத்தொரு பைகளோடு எங்கேயும் போகாமல் நிற்பதை எந்தக் காவலர் நம்புவார்? அவர் வரிசையின் தொடக்கத்துக்கு வந்து, அண்ணனைப் பின்னால் ஒதுக்கிவிட்டு, அவர் கையிலிருந்த பையை வாங்கித் திறந்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் சக்கர நாற்காலி வெளியே வந்தது.

அக்கா நீலப் புடவை கட்டியிருந்தாள். மீதி அறுநூறு ரூபாயில் வாங்கியதாம். எங்களுக்கும் அவளைக் கண்டுபிடிக்க வேண்டுமே என்பது அவள் காரணம். நாற்காலியை வரிசையின் முதலில் நிறுத்தச் சொன்னாள். கையை நீட்டி, முதல் நீலப் பையைத் தொட்டாள். அதைப் பிடித்திருந்த கையைத் தொட்டாள். பிறகு அண்ணாந்து, இடக்கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஒண்ணு. ஏன்டா இராஜு, பல்லு கட்டினன்னுதான எழுதினாங்க? மீசையும் கட்டிக்கினியா?"

"அம்மா, நான் டியூட்டில இருக்கேன்," என்றார் காவலர், நல்ல தமிழில்.

"டியூட்டி அப்பால பாக்கலாம். எண்ணி முடிக்கறவரைக்கும் நவுராத."

அவர் நகரவில்லை. பையை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு," என்று என் பையைத் தொட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். "லட்சுமி. கை இன்னும் அப்படியே கட்டையாத்தான் இருக்கு." பிறகு மூன்று, நான்கு என்று நாற்காலி வரிசையைத் தொடர்ந்து சென்றது. ஒவ்வொரு பையாகத் தொட்டாள், ஒவ்வொரு பெயராகக் கேட்டாள். பயணிகள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு சுற்றிப் போனார்கள். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. எத்திராஜ்கூடப் பேசவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"அறுவத்தொண்ணு," என்றாள், குழந்தையின் இடுப்பிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டு. "லட்சுமி, நீ எழுதின கணக்கு சரியா இருக்குடி."

கணக்கு சரியாக இருந்தது; ஆள்தான் தவறு. அதுவரை குறுக்கே பேச அஞ்சி, பையில்லாத கையோடு ஒதுங்கி நின்ற இராஜமாணிக்கம் அண்ணன் பின்னாலிருந்து ஓடி வந்தார்.

"அக்கா! நான்தான் இராஜமாணிக்கம்! என்ன எண்ணவே இல்லியே!" பற்கள் பாதி வெளியே வந்திருந்தன. ஒரு கையால் அவற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணைத் துடைத்தார்.

அக்கா அவர் முகத்தை இரு கைகளாலும் இழுத்து, மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"ஆமா, இவன்தான். அப்ப அறுவத்திரண்டு."

"அறுபத்தொன்றுதான் அக்கா," என்றேன். "முதலில் நின்றவர் காவலர்."

"இருக்கட்டும்டி. எண்ணியாச்சு. அடிக்காத."

நான் அடிக்கவில்லை. காவலர் பையை அண்ணனிடம் ஒப்படைத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனார்.

டெம்போக்களை நோக்கி நடக்கையில், ஒழுங்கு கருதி, அக்காவிடம் கையை நீட்டினேன். "திரும்பிப் போகும் டிக்கெட்டைக் கொடு அக்கா. நான் பத்திரமாக வைக்கிறேன்."

"திரும்பியா? ஒரு வழிக்குத்தான் துட்டு இருந்துச்சு."

நாற்காலி நின்றது. அறுபது பேரும் நின்றனர். விமான நிறுவனத்து ஆள் மட்டும் நாற்காலியைத் திருப்பித் தர வேண்டுமே என்னும் முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கேன்க்கா யோசன?" என்றான் எத்திராஜ். "ஒரு சீட்டு போட்டுட்டா போவுது."

வரிசை முழுவதும் தலைகள் ஆமோதித்து அசைந்தன. சங்கமித்ரா வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். மூடிக்கொண்டாள். என் பையில், இரண்டாம் எண் பையில், பதிவேடு இருந்தது. மற்றவர்களுடையதைப் போல் அது காலிப் பையன்று. புதுப் பக்கத்தைப் புரட்டி, பேனாவைத் திறந்து, வரிசை எண்களை எழுதினேன்.

"இருபது குடும்பம், இருபது மாதம்," என்றேன். "அக்கா, உனக்குத்தான் டிக்கெட். நீ முதல் சீட்டை எடுத்துக்கொள்கிறாயா?"

அக்கா நீலப் புடவையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"எனக்கு இன்னாடி அவசரம்? எல்லாரும் எடுக்கட்டும். நான் கடசில எடுத்துக்கறேன்."